தட்டின் மறுபக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெட்டியில் கிடந்த பழைய பங்க், நியூ வேவ் சிங்கிள்களை (எழுபதுகளின் அந்த ராக் இசை வகைகளில் வந்த, பக்கத்துக்கு ஓரிரு பாடல் கொண்ட சிறு இசைத்தட்டுகளை) மறுபடி கேட்கத் தொடங்கியிருப்பதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அவையெல்லாம் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கீறல் விழுந்த தட்டைத் துடைத்துப் போட்டுக் கேட்பதில் பழைய நினைவைத் தவிர வேறென்ன இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பழைய நினைவு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இம்முறை என்னைக் கவரவில்லை. வேகத்தை மட்டுமே நம்பிய பாடல்கள், இருபது வயதில் கேட்டபோது இருந்த சூடு ஆறி, ஒன்றைப் போலவே மற்றொன்றாக ஒலித்தன. கைப்பேசியில் கேட்டிருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

தட்டைக் கையில் எடுத்ததால் கிடைத்தவை வேறு. மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு, சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்ட ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ தட்டில் நான்கு பாடல்கள் உண்டு. முதலில் அச்சானவை 1000 பிரதிகள்தாம். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, பிறகு அதன்மேல் கிதார் சேர்க்கப்பட்டதா என்ற விவரங்களை உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ‘போர்டம்’ பாடலின் நடுவே வரும் கிதார் தனிவாசிப்பு, இரண்டே சுரங்களை விடாமல் திரும்பத் திரும்ப அடிப்பது. முன்பு அதை வாசிக்கத் தெரியாதவர்களின் துணிச்சல் என்று நினைத்திருந்தேன். முதல் முயற்சியிலேயே பதிவான அந்தப் பாடலின் மேல் கிதாரைப் பின்னர் சேர்த்திருக்கிறார்கள் என்ற குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டபோது, அது யோசித்துச் செய்த குறும்பு என்றே பட்டது. அடுத்த ஆண்டு ஸ்கிரிட்டி பொலிட்டி குழு, ஒலிப்பதிவுக்கும் தட்டு அச்சிடவும் ஆன செலவுக் கணக்கையே தன் முதல் சிங்கிளின் உறையில் போட்டது.

என்னிடம் இருக்கும் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ 1979ஆம் ஆண்டின் மறுபதிப்பு (சேகரிப்பாளர்கள் சிரிப்பார்கள்). அதன் உறையில் பாடகர் ஹோவர்ட் டெவோட்டோவின் பெயரைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள், ஏனெனில் அதற்குள் அவர் குழுவை விட்டு விலகி ‘மேகசீன்’ என்ற குழுவைத் தொடங்கியிருந்தார். அக்குழுவின் முதல் சிங்கிள், 1978 ஜனவரியில் வந்த ‘ஷாட் பை போத் சைட்ஸ்’. இத்தனை ஆண்டுகள் அதைத் தனிப் பாடலாகவே கேட்டு வந்தேன். சென்ற வாரம், அதே ஆண்டின் இறுதியில் பஸ்காக்ஸ் வெளியிட்ட ‘ப்ராமிஸஸ்’ சிங்கிளைத் திருப்பிப் போட்டபோது, மறுபக்கத்தில் இருந்த ‘லிப்ஸ்டிக்’ பாடலில் அதே கிதார் வரி ஏறி வந்தது. அது பஸ்காக்ஸின் கிதார் கலைஞர் பீட் ஷெல்லி அமைத்த வரி. பிரிந்துபோன நண்பர் டெவோட்டோவுக்கும் கொடுத்து, தன் குழுவுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றில் அது மிரட்டலாகவும் மற்றொன்றில் காதல் புலம்பலாகவும் ஒலிக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதற்குக் கைப்பேசியே போதும்.