68 வயதில் முதல் கம்ப்யூட்டர்: எதை வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 68 வயது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். செல்போனில் வாட்ஸ்அப் பார்ப்பேன், பேரனோடு வீடியோ காலில் பேசுவேன். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பெண்களிடம் கேட்டு எழுதிவைத்த தாலாட்டும் ஒப்பாரியும் சில நோட்டுகளில் இருக்கின்றன. தாள் பழுப்பேறி ஓரம் உதிர ஆரம்பித்துவிட்டது. அவற்றை நானே டைப் அடித்து வைக்க ஆசை. புனேயில் இருக்கும் மகன் “மேக் வாங்கும்மா” என்கிறான். தங்கை மகன் “குரோம்புக் போதும் பெரியம்மா” என்கிறான். கடைக்காரர் ஒரு சின்ன லேப்டாப்பைக் காட்டி 25,000 ரூபாய் என்றார். 50,000 வரை செலவழிக்க முடியும். போனில் ஏதாவது சிக்கல் என்றால் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவிதான் வந்து சரிசெய்து தருவாள். இளவயதில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன், அது உதவுமா? பைஃபோகல் கண்ணாடி போடுகிறேன். கை லேசாக நடுங்கும்.
- வாசகி, தென்காசி

பதில்: டீச்சர், மகனும் தங்கை மகனும் சொன்னது இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த எதிர்வீட்டுப் பெண். அவளிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப் என்றால் நீங்களும் விண்டோஸே வாங்குங்கள். மதுரையில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாகக் கற்பவர் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் கருவி மோசம் என்பதால் இல்லை. ஒரு மத்தியானம் திரையில் ஏதோ வந்து நிற்கும், கேட்க ஆள் இருக்காது, மூடிவைத்தால் மூடினதுதான். பக்கத்தில் உதவ இருப்பவருக்கு எது பழக்கமோ அதுதான் உங்களுக்குச் சுலபமான கம்ப்யூட்டர்.

மகன் சொன்ன ஆப்பிளின் மேக் உறுதியானது, வைரஸ் தொல்லையும் குறைவு. ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் புது மேக் லேப்டாப் அடங்காது. கூகுளின் மென்பொருளில் ஓடும் லேப்டாப்பான குரோம்புக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. திறந்த உடனே வேலை செய்யும். அப்டேட் எல்லாம் தானாக நடக்கும். 2021 முதல் வந்த மாடல்களுக்கு, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து பத்து ஆண்டு அப்டேட் தருவதாக கூகுள் சொல்லியிருக்கிறது. தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகைகூட அதிலேயே இருக்கிறது. தங்கை மகன் உங்கள் தெருவில் இருந்தால் நானே அதை வாங்கச் சொல்லியிருப்பேன்.

சரி, கடைக்காரர் காட்டிய 25,000 ரூபாய் லேப்டாப். அதன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. (மெதுவான சேமிப்பு) என்று போட்டிருந்தால் வேண்டாம். விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் தேவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவே அதுதான். இரண்டு அப்டேட் வந்தால் இடம் நிரம்பிவிடும். ஒரு பக்கம் திறக்க நேரமாகும்போது, ‘நாம்தான் தப்பாக அழுத்திவிட்டோமோ’ என்று புதியவர் மறுபடி மறுபடி அழுத்துவார், அதில் நாலு ஜன்னல் திறந்துகொள்ளும். வேகம் இளைஞர்களுக்குத்தான் வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில் பெரியவர்களுக்குத்தான் அது கூடுதலாக வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது இது: 15.6 அங்குலத் திரை, ஃபுல் எச்.டி., 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பு). இன்டெல் ஐ3 ஆனாலும் ஏ.எம்.டி. ரைசன் 3 ஆனாலும் டைப் அடிக்கவும் வீடியோ கால் பேசவும் தாராளம். ஐ5-க்கு மேல்பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒயர் வைத்த சாதாரண மவுஸ் ஒன்றும், பெரிய எழுத்துப் போட்ட தனிக் கீபோர்டு ஒன்றும் வாங்குங்கள். வாரண்டி ‘ஆன்சைட்’டா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். அதாவது பழுது என்றால் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும், நீங்கள் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

மேசைக் கம்ப்யூட்டரில் திரை பெரிதாக இருக்குமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு யு.பி.எஸ். வேண்டும், புனேக்கு எடுத்துப் போகவும் முடியாது. திரை போதவில்லை என்று பிறகு தோன்றினால் ஒரு 24 அங்குல மானிட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி விஷயத்தை விவரமாகச் சொல்கிறேன். பைஃபோகலில் பக்கத்துப் பார்வை கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. திரை கண் மட்டத்துக்கு இருந்தால் அதைப் படிக்க நீங்கள் மோவாயைத் தூக்குவீர்கள். கால் மணி நேரத்தில் பிடரி வலிக்கும். அதனால் லேப்டாப்பை ஸ்டாண்டு வைத்து உயர்த்தச் சொன்னால் கேட்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் அப்படியே வைத்து, முதுகு சாய்ந்து, பார்வையைத் தாழ்த்திப் பாருங்கள். முடிந்தால் கண் மருத்துவரிடம் திரை இருக்கும் தூரத்தை அளந்து சொல்லி, கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி எழுதி வாங்கலாம். எழுத்தைப் பெரிதாக்குவது வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் ஸ்கேல் என்பதை 150 சதவீதம் வையுங்கள். போதவில்லை என்றால் அக்சசிபிலிட்டியில் எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை பெருக்கலாம். மவுஸ் அம்புக்குறியையும் அங்கேயே பெரிதாக்கி நிறம் மாற்றலாம், மஞ்சள் நன்றாகத் தெரியும்.

கை நடுக்கத்தால் நடப்பது இதுதான்: இரண்டு முறை அழுத்தும்போது முதல் அழுத்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மவுஸ் ஒரு நூல் நகர்ந்துவிடும். கம்ப்யூட்டர் அதை இழுப்பதாக எடுத்துக்கொண்டு ஐகானை வேறிடத்தில் கொண்டுபோய்ப் போடும். வகுப்பில் பலர் ‘எனக்கு இது வராது’ என்று சொல்வது இந்த இடத்தில்தான். வழி இருக்கிறது. ஒரே ஒரு முறை அழுத்துங்கள், பெயர் நிறம் மாறும். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, கீபோர்டில் என்டர் தட்டுங்கள். திறந்துவிடும். இரட்டை அழுத்தல் இல்லாமலே காலம் தள்ளலாம். லேப்டாப்பில் இருக்கும் டச்பேடை, மவுஸ் செருகியிருக்கும்போது அணைந்திருக்கும்படி அந்த மாணவியைச் செட் செய்துவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டைப் அடிக்கும்போது உள்ளங்கை பட்டு வரி தாவும்.

இனி டைப்ரைட்டிங். லோயர் பாஸ் செய்த விரல்கள் ஐம்பது வருடம் கழித்தும் மறப்பதில்லை. இதை நான் நேரில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. பழைய தட்டச்சு முறையிலேயே, எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்து வரும்படி செய்ய என்.எச்.எம். ரைட்டர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. மெஷினில் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம் அடித்தீர்கள் அல்லவா, அதே வரிசைதான். நாலு பக்கம் அடித்துப் பாருங்கள். விரல் தானாகப் போனால் அதிலேயே இருங்கள்.

போகவில்லை என்றால் புதிதாகத் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை இது. விண்டோஸ் 11-இல் தமிழ் மொழியைச் சேர்த்தால் கிடைக்கும். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளி தானாக விழும். தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், அடிக்க அடிக்க உங்களுக்குப் பிடித்துப்போகும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். ‘ammaa’ என்று ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக்கும் வழியை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தாலாட்டின் பேச்சு வழக்குச் சொற்களை அது அடிக்கடி தானாகத் திருத்தப் பார்க்கும், ‘ஆராரோ ஆரிரரோ’ பாடாய்ப் படும்.

அடிப்பதற்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். அந்த நோட்டுகளை இப்போதே, பகல் வெளிச்சத்தில், பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்துவிடுங்கள். உதிரும் தாள் கம்ப்யூட்டர் வரும்வரை காத்திருக்காது. அடிக்கும்போது ஒரு பாட்டுக்கு ஒரு கோப்பு என்று வைத்து, பாடியவரின் ஊரையும் பாடிய சமயத்தையும் தலைப்பிலேயே குறியுங்கள். வாரம் ஒரு முறை பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வேறு அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பழைய மேசைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. யூடியூபும் நாளிதழும் மட்டும்தான் பார்க்கிறார். புதிது வாங்கியே ஆக வேண்டுமா? செகண்ட்ஹாண்டு வாங்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அப்பா அதில் வங்கி வேலை செய்யவில்லை என்றால், உள்ளே ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொடுங்கள். இலவசம். கீழே இடது மூலையில் மெனு, பிரௌசர் எல்லாம் அவருக்குப் பழகிய இடத்திலேயே இருக்கும். செகண்ட்ஹாண்டு தாராளமாக வாங்கலாம், ஆனால் ‘ஐ5’ என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஐ5-6300யூ என்றால் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. ஐ5-8350யூ என்றால் எட்டாம் தலைமுறை, அது இருக்கிறது. நடுவில் உள்ள சிறு கோட்டுக்குப் பிறகு வரும் எண் 8-இலோ, அதற்கு மேற்பட்ட தலைமுறை எண்ணிலோ (9, 10, 11 என்று) தொடங்குகிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும் இதுதான் கணக்கு.

கேள்வி: மாமியார் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சைரன் சத்தத்தோடு ‘உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று திரை முழுக்க வந்தது. மூடவே முடியவில்லை. பயந்துவிட்டார்.
- வாசகி, ஈரோடு

பதில்: அது ஒரு வெறும் இணையப் பக்கம். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் போன் எண் வந்தால் அது மோசடி, மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. கீபோர்டின் இடது மேல் மூலையில் உள்ள எஸ்கேப் கீயைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை சுருங்கும், பிறகு பிரௌசரை மூடிவிடலாம். அதுவும் முடியவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிடச் சொல்லுங்கள். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒருவேளை அந்த எண்ணுக்குப் பேசி, அவர்கள் சொன்ன செயலியையும் இறக்கியிருந்தால், முதலில் வைஃபையை அணையுங்கள். வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள்.