விண்கலப் பொறியியல் ஆய்வும் ஆசிரியப் பணியும்: சேலத்துக் கேள்விகள், என் பதில்கள்

செயற்கைக்கோள் விண்வெளியில் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நிலைக்கட்டுப்பாடுதான் என் ஆய்வு. அதோடு முழுக் கலத்தையும் ஒன்றாகத் திட்டமிடும் அமைப்புப் பொறியியலைக் கற்பிக்கிறேன். ஊர் அம்மாபேட்டை. விடுமுறைக்கு வந்திருக்கும் இந்த வாரத்தில் வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை இங்கே பதில் எழுதுகிறேன்.

ஓமலூர், பிளஸ் டூ மாணவி: மேடம், செயற்கைக்கோள் செய்யிற ஆராய்ச்சிக்குப் போகணும்னு ஆசை. ஏரோஸ்பேஸ் எடுத்தாத்தான் முடியுமா? வீட்ல இ.சி.இ. எடுன்னு சொல்றாங்க.

வீட்டில் சொல்வது நல்ல யோசனை கண்ணு. ஒரு செயற்கைக்கோளுக்குள் மின்சாரம், ரேடியோ, கணினி, நிலைக்கட்டுப்பாடு, வெப்பம், உடற்கட்டமைப்பு என்று தனித்தனிக் குழுக்கள் வேலை செய்யும். பாதிக்கு மேல் மின்னணுவியல்தான். இஸ்ரோ பொறியாளர்களை எடுக்கும்போதும் மின்னணுவியல், இயந்திரவியல், கணினி அறிவியல் படித்தவர்களையே அதிகமாக எடுக்கிறது.

அமைப்புப் பொறியியல் என்பது இந்தக் குழுக்களுக்கு இடையே நடக்கும் வேலை. கேமரா குழு இன்னும் தெளிவான படம் வேண்டும் என்று கேட்கிறது என்று வையுங்கள். அதற்குக் கலம் இன்னும் ஆடாமல் நிற்க வேண்டும். அதற்குக் கலத்தைத் திருப்பி நிறுத்தும் சுழல்சக்கரம் பெரிதாக வேண்டும். சக்கரம் மின்சாரம் கேட்கும், சூரியத்தகடு பெரிதாகும், எடை கூடும். படம் பெரிதானால் அதைத் தரைக்கு அனுப்ப நேரமும் போதாது. ஒருவர் கேட்ட ஒரு மாற்றம் ஐந்து பேரின் கணக்கைக் கலைக்கிறது. அதை முன்கூட்டியே கண்டுபிடித்து, யாருக்கு எத்தனை கிராம், எத்தனை வாட் என்று பங்கிடுவது எங்கள் தொழில். ஒரு துறையில் ஆழமாக வேலை செய்யாதவருக்கு இது வராது. ஆகவே இளநிலையில் ஒரு துறையை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, முதுநிலையில் இங்கே வாருங்கள்.

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதுவதாக இருந்தால் திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள ஐ.ஐ.எஸ்.டி.யையும் (இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம்) பாருங்கள். விண்வெளித் துறையே 2007-இல் தொடங்கிய கல்லூரி அது. வேறு எங்கே சேர்ந்தாலும் பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். ஆய்வகத்துக்குள் போய், மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாணவர்கள் தொடுகிறார்களா, அது உறைபோட்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எடப்பாடி, ஒரு தந்தை: பையன் எட்டாவது படிக்கிறானுங்க. நாசா சான்றிதழ்னு ஒரு ஆன்லைன் வகுப்பு, பெரிய தொகை கேக்கறாங்க. கட்டலாமுங்களா?

கட்ட வேண்டாம் ஐயா. காசுக்கு வாங்கும் சான்றிதழை எந்தச் சேர்க்கைக் குழுவிலும் நான் மதிப்பெண்ணாக எண்ணியதில்லை. நாசாவின் நிரந்தரப் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதையும் இந்த வகுப்புக்காரர்கள் சொல்வதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துப் பையனை ஜவ்வாது மலைக் காவலூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. மீதியில் ஒரு சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் வாங்கிக் கொடுங்கள்.

மேட்டூர், பாலிடெக்னிக் மாணவர்: டிப்ளமோ படிச்சவங்களுக்கு இந்தப் பக்கம் வழி இருக்கா மேடம்?

இருக்கிறது தம்பி. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். டிப்ளமோவில் தொடங்கி, பி.இ., திருச்சியில் முதுநிலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று ஏறியவர். விண்கல மின்னணுப் பெட்டிகளின் அதிர்வைத் தணிப்பதுதான் அவருடைய ஆய்வு. பட்டறையில் கை வைத்தவருக்குப் பிடிபடும் விஷயம் அது. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேருங்கள். கணக்கை விட்டுவிடாதீர்கள், டிப்ளமோ மாணவர்கள் தடுக்கி நிற்பது அங்கேதான்.

தாரமங்கலம்: ஏரோநாட்டிக்கல் படிச்சா இஸ்ரோ வேலை உறுதியா?

இல்லை. ஓமலூர் மாணவிக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: எங்க இடத்துல உயரமான பாறை ஒண்ணு இருக்கு. செயற்கைக்கோள் சிக்னல் வாங்குற தரைநிலையத்தைக் கீழ சேலத்துல வைக்காம இங்க வெச்சா ஏதாவது லாபம் உண்டா?

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி. லாபம் உண்டு. ஆனால் பலரும் நினைப்பதுபோல், மலை ஏறினால் செயற்கைக்கோள் பக்கத்தில் வந்துவிடும் என்பதால் அல்ல. 500 கிலோமீட்டர் உயரத்தில் போகும் கலத்துக்கு உங்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் ஒரு கணக்கே இல்லை. லாபம் தொடுவானத்தில் இருக்கிறது.

பூமியைப் படம் பிடிக்கும் கலங்களில் பெரும்பாலானவை துருவங்களை ஒட்டி, வடக்கு தெற்காகப் போகின்றன. சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் நிற்கிறது. அடிவாரத்துக்கு நெருங்க நெருங்க வடக்கு வானத்தின் கீழ்ப்பகுதியை மலை மறைத்துவிடும். ஒரு கலம் தலைக்கு மேலே கடந்தால்கூடத் தொடுவானம் முதல் தொடுவானம் வரை பத்துப் பதினோரு நிமிடம்தான் கிடைக்கும். அதில் ஒரு நிமிடத்தை மலைக்குக் கொடுப்பது பெரிய இழப்பு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 500 கிலோமீட்டர் உயரக் கலம் தொடுவானத்துக்குப் 10 பாகை மேலே இருக்கும்போது உங்களிடமிருந்து ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். உச்சியில் இருக்கும்போது கிடைக்கும் சிக்னலில் பதினொன்றில் ஒரு பங்குகூட அப்போது கிடைக்காது. கீழ்வானத்தைத் திறந்துவிடுகிற பாறை நல்ல ஆன்டெனாவும் இருந்தால்தான் பயன்படும்.

மாணவர் செயற்கைக்கோள்கள் பல பேசும் 437 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பனிமூட்டம் தொந்தரவு செய்யாது. இடிதான் செய்யும். எர்த்திங் சரியாகப் போடாமல் அந்தப் பாறையில் ஒரு கம்பியைக்கூட நட வேண்டாம். கேட்பதற்கு மட்டும் என்றால் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்ற சிறு யு.எஸ்.பி. கருவி போதும். உலகம் முழுக்க இப்படிப்பட்ட நிலையங்களை இணைக்கும் சாட்நாக்ஸ் வலையில் நீங்களும் சேரலாம். திருப்பிச் சிக்னல் அனுப்ப வேண்டுமானால் அமெச்சூர் ரேடியோ உரிமம் வேண்டும். பக்கத்துக் கல்லூரி ஒன்றை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேலம், தனியார் பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர்: மூன்று ஆண்டில் சொந்தச் செயற்கைக்கோள் விட வேண்டும் என்கிறது எங்கள் நிர்வாகம். எங்கே தொடங்குவது?

செயற்கைக்கோளில் தொடங்காதீர்கள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தையே சுற்றுப்பாதையில் சோதனை மேடையாக வைத்திருக்கும் போயம் திட்டம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30-இல் போன பி.எஸ்.எல்.வி.-சி60-இன் போயமில் 24 கருவிகள் இருந்தன, கல்லூரிகளுடையவை உட்பட. மின்சாரமும் தகவல் தொடர்பும் மேடையே தரும். உங்கள் மாணவர்கள் ஒரே ஒரு கருவியை ஒழுங்காகச் செய்தால் போதும்.

அதே பேராசிரியர்: இது ஆசையைக் கிள்ளிப்போடும் பதில். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-இலேயே போனது. எஸ்.ஆர்.எம்.சாட் 2011, சத்யபாமாசாட் 2016, கன்னியாகுமரிப் பக்கத்து நியூசாட் 2017. சேலத்துக்கு மட்டும் ஏன் போயம்?

நீங்கள் சொன்ன நான்கும் எனக்குப் பெருமைதான். 40 கிலோ அனுசாட்டில் வேலை பார்த்துக் கற்றவர்கள் இன்று எத்தனையோ இடங்களில் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. கலம் மேலே போன பிறகு அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் என்ன மாறுகிறது? அடுத்த ஆண்டு சேரும் மாணவர் எதைத் தொட்டுப் பார்க்கிறார்? பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. கலம் அதைத் தாண்டி இழுத்தால், வடிவமைத்தவர் ஒருவர், சோதித்தவர் இன்னொருவர், இயக்குபவர் மூன்றாமவர் என்று ஆகிவிடும். முழு வட்டத்தையும் யாருமே பார்ப்பதில்லை.

ஜப்பானில் கியூஷு தொழில்நுட்பக் கழகம் பேர்ட்ஸ் திட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டது. முதுநிலை மாணவர்கள் வடிவமைப்பு முதல் இயக்கம் வரை இரண்டே ஆண்டில் முடிக்க வேண்டும் என்று வைத்து, அதற்கேற்ற சிறிய கலத்தை எடுத்துக்கொண்டார்கள். கானா, மங்கோலியா, வங்கதேச மாணவர்கள் 2017-இல் தங்கள் நாட்டின் முதல் செயற்கைக்கோள்களை அப்படித்தான் செய்தார்கள். கலத்தின் அளவை முடிவு செய்தது படிப்பின் காலம்.

சென்னையிலிருந்து ஒரு முன்னாள் மாணவர், ஊர் வாழப்பாடி: நான் இருந்த கல்லூரிக் குழுவோட செயற்கைக்கோள் கடைசிவரைக்கும் மேல போகவே இல்ல. ஆனாலும் நான் கத்துக்கிட்டது எல்லாம் அங்கதான். மேடம் சொல்றது சரியில்ல.

நீங்கள் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள் தம்பி. கலம் போகாமலே கற்க முடிந்தது என்கிறீர்கள். நான் சொல்வதும் அதுதான்: ஃபிளாட்சாட்டில் தொடங்குங்கள். கலத்தின் எல்லா மின்சுற்று அட்டைகளையும் ஒரு மேசையில் பரப்பி, கம்பியால் இணைத்து, கலம்போலவே ஓட விடுங்கள். பிறகு ஆசிரியர் ஒரு கம்பியைப் பிடுங்க வேண்டும். பேட்டரி அளவைத் தப்பாகக் காட்ட வேண்டும். மாணவர்கள் தரைநிலையத் திரையை மட்டும் பார்த்து என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுதோறும் புதிய வகுப்புக்கு இதைத் திரும்ப நடத்தலாம். ஏவிய கலத்தில் அது முடியாது.

உதவிப் பேராசிரியர் மீண்டும்: மேசையில் கிடக்கும் அட்டைகளைக் காட்டினால் நிர்வாகம் பணம் தராது. மேலே போனால்தான் தருவார்கள்.

இது உண்மை, மறுக்கவில்லை. அதனால்தான் போயம் என்றேன். மேலே போகும் கருவி நிர்வாகத்துக்கு, மேசை மாணவர்களுக்கு. இரண்டையும் ஒரே நிதிக் கோரிக்கையில் எழுதுங்கள். கல்லூரி ஆய்வுகளுக்கு நிதி தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம், தனக்கு வேண்டிய ஆய்வுச் சிக்கல்களைப் பட்டியலாகவே வெளியிட்டிருக்கிறது. அதிலிருந்து, உங்களிடம் உள்ள கருவியால் அளக்க முடிகிற ஒன்றை எடுங்கள்.

நாமக்கல்: நம்ம பக்கத்து மண்ணை நிலாவுக்கு அனுப்புனாங்களா?

அனுப்பவில்லை. நிலவின் மேட்டுநிலத்தில் உள்ள அனார்த்தசைட் வகைப் பாறை உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கிறது. அதை அரைத்துச் செய்த மண்ணைப் பெங்களூரில் பரப்பி, சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும், நிலவில் ஊர்ந்து போகும் உலாவியின் சக்கரங்களையும் சோதித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கும் அதில் பங்கு உண்டு. நிலவியல் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். சக்கரம் எவ்வளவு புதையும் என்று மண்ணைத் தெரிந்தவர் சொல்லாமல் உலாவியை வடிவமைக்க முடியாது.

ஆத்தூர், எம்.இ. மாணவி: பிஎச்.டி.க்கு வந்தா சம்பளம் எவ்வளவு? வேலை கிடைக்குமா?

மத்திய அரசு நிதியில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் கற்பிக்க முனைவர் பட்டம் கட்டாயம். அந்த இடங்கள் குறைவு, போட்டி கடுமை, இதை மறைக்க மாட்டேன். ஆனால் 2023-இன் விண்வெளிக் கொள்கைக்குப் பிறகு தனியார் நிறுவனங்களிலும் சோதனை, நம்பகத்தன்மை தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்முன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களின் பக்கம் போகாதீர்கள். எட்டாம் வகுப்புப் பையனின் சான்றிதழுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

சங்ககிரி: ராக்கெட் எரிபொருளில் ஆராய்ச்சி செய்ய வழி?

என் துறை இல்லை. உந்துவியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: ஏரோஸ்பேஸா, இ.சி.இ.யா?

மூன்றாவது முறை கேட்கிறார்கள். மேலே இருக்கிறது, படித்துவிட்டு அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்.

சேலம் உதவிப் பேராசிரியர்: மேசையிலேயே தொடங்குகிறோம். மாணவர்கள் முதலில் என்ன எழுத வேண்டும்?

இடைமுக ஆவணம். இரண்டு அட்டைகள் சேரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம்: எந்த இணைப்பான், எந்த முனையில் என்ன, எத்தனை வோல்ட், அதிகபட்ச மின்னோட்டம், தரவு எந்த வரிசையில், எந்த அலகில். கீழே இரண்டு குழுவின் கையெழுத்து. 1999-இல் செவ்வாயை அடைந்தபோது மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கலம் தொலைந்தது, தரை மென்பொருள் ஒன்று உந்துகைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுக்க, வாங்கியவர்கள் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால். நாலரை மடங்கு வேறுபாடு அது. அலகு இல்லாத எண் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்சாரக் குழுவும் கணினிக் குழுவும் சேரும் பக்கத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள். வரைவு தயாரானதும் அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.