கால் விலங்கில் கசியும் துரு

கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தாத்தா காலத்து இரும்புக் கால் விலங்கு வீட்டில் இருக்கிறது. ஆஷ் கொலை வழக்கில் வாஞ்சிநாதன் காலில் போட்டது என்பார்கள். மழைக்காலத்தில் செம்மஞ்சள் சொட்டாகக் கசிகிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?"

புளியைத் தொடாதீர்கள். முதலில் பெயர் விஷயம். வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார்; அந்த வழக்கில் அவர் சிறைக்கே போகவில்லை. வழக்கில் 14 பேர் நிறுத்தப்பட்டார்கள், முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு கடுங்காவல். உங்கள் விலங்கு அவர்களில் ஒருவருடையதா என்பதற்கு வாய்ச்சொல் போதாது. வளையத்தில் எண்ணோ எழுத்தோ குத்தியிருக்கிறதா பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மங்கிய குறியும் தெரியும். படம் எடுத்து, எடை போட்டு வையுங்கள். உப்புத்தாள் போட்டால் இந்தத் தடயம்தான் முதலில் போகும்.

கசிவுக்குக் காரணம் கடற்காற்றின் உப்பு. துருவுக்கு அடியில் தங்கிய குளோரைடு, அதாவது உப்பின் கூறு, காற்றின் ஈரத்தை இழுத்துச் சொட்டாக்குகிறது. வளையத்தின் ஆணி இடுக்கில்தான் அது அதிகம் சேரும். அதற்காக ஆணியைத் தட்டிக் கழற்ற வேண்டாம். புளி மேலே பளபளப்பாக்கும், உப்பை எடுக்காது. எண்ணெய் உப்பை உள்ளேயே வைத்து மூடும்.

உப்பை வெளியே எடுக்க விலங்கைக் கரைசலில் ஊறவைக்க வேண்டும்: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா. சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும், அலுமினியம் கூடாது. நம் கரையோரக் கிணற்று நீரில் உப்பு இருக்கும், ஆகாது. விலங்கு முழுதும் மூழ்கட்டும், மாதம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். பழைய கரைசலில் ஒரு கரண்டி எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, அதில் நனைத்த நீல லிட்மஸ் தாள் சிவப்பாக மாறியபின் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் வருகிறது. அமிலம் சேர்க்காவிட்டால் பழுப்பாகக் கலங்கிக் குழப்பும். சில மாதங்கள் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

தோல் உறை ஒட்டியிருந்தாலோ இரும்பு ஏடு ஏடாக உரிந்தாலோ இதைச் செய்யாதீர்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் கேளுங்கள்.

சோதனையில் பால்போல் கலங்குவது நின்றதும் விலங்கை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, அன்றே ஹேர் டிரையரில் உலர்த்துங்கள். விட்டால் சில மணி நேரத்தில் புதுத்துரு பூக்கும். 5 சதவீத டானிக் அமிலம் இரண்டு பூச்சு, கருநீலமாகும். லேசாகச் சூடாக்கி மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு தேய்த்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துப் போடுங்கள். சுவரில் மாட்டவே வேண்டாம்.