வெல்டிங்கை நிறுத்துங்கள், வழக்கைப் பிறகு பேசலாம்

கேள்வி: ஐயா, ஹாரோவில் வசிக்கிறேன். மார்ச்சில் ஒருவரிடம் 8,200 பவுணுக்கு 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஜி.டி. கார் வாங்கினேன். 11 வருடமாகத் தன் பெயரில் வைத்திருந்தவர். ‘2019இல் இரண்டு பக்கச் சில்லும் புதிதாகப் போடப்பட்டது’ என்று விளம்பரத்தில் இருந்தது. சில் என்றால் சக்கரம் அல்ல, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பகுதி. கராஜில் ஒரு பக்கத்தை வெட்டினால், உக்கிப்போன பழைய சில்லின் மேல் புதுத் தகட்டை மூடி ஒட்டியிருக்கிறார்கள். எம்.ஓ.டி. என்ற வருடாந்தப் பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழும் இல்லை. கேட்டால், ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்று சிரிக்கிறார். ரசீதில் ‘உள்ளபடியே விற்கப்பட்டது’ என்று வேறு எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அப்பா ஓட்டிய மொரிஸ் மைனரை நினைத்து வாங்கிய கார். இப்போது வீட்டில் தினமும் சண்டை. திருத்த 6,500 கேட்கிறார்கள். கார் விலை, திருத்தச் செலவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: அவர் சிரித்ததையும் வீட்டுச் சண்டையையும் விடுங்கள், நீதிபதிக்கு அவை தேவையில்லை. எம்.ஓ.டி. இல்லாததும் புகாராகாது. 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத காருக்கு அது கட்டாயமே இல்லை. விற்றவர் வியாபாரியும் அல்ல. அதனால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் உள்ள 30 நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

மிஞ்சுவது விளம்பரத்தின் அந்த ஒரு வரி. ‘அருமையான கார்’ என்பது வெறும் வியாபாரப் பேச்சு. ‘2019இல் சில் புதிதாகப் போடப்பட்டது’ என்பது சரியா பொய்யா என்று சோதிக்கக்கூடிய தகவல். அது பொய்யென்றால், பொய்த் தகவல் சொல்லி விற்பது பற்றிய 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, தான் நம்பியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ‘உள்ளபடியே’ என்ற ரசீது வாசகம் இதற்குச் சுலபமாகக் கவசமாகாது. ஆனால் அவர் சும்மா இருக்க மாட்டார். ‘புதுத் தகடு போட்டேனே, இதோ பில்’ என்பார். பாதி உண்மையும் பொய்தான் என்று நாம் வாதிடலாம். ஆனால் 2019இல் வேலை செய்த கராஜ்காரன் சொன்னதை நம்பியே எழுதினார் என்று பில்லோடு நிரூபித்தால் உங்கள் பிடி தளரும்.

தெரியாமல் சொன்னாலும் பொறுப்பு உண்டு என்பதற்கு ட்ரையம்ப் ஹெரால்ட் வழக்கை எல்லோரும் காட்டுவார்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று தயாரான அதே கார்தான். 1961 மாடல் என்று ஒரு தனியார் விற்றது, வெவ்வேறு இரண்டு கார்களின் பாதிகளை வெல்ட் பண்ணிய ஒன்று. விற்றவருக்கே தெரியாது, வாங்கியவரும் நேரில் பார்த்துத்தான் வாங்கினார். ஆனாலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அங்கே பொய்யானது காரின் அடையாளமே. சில் பற்றிய ஒரு வரியை அந்த அளவுக்கு நீட்ட முடியுமா என்பதை நான் பந்தயம் கட்டிச் சொல்ல மாட்டேன்.

நான் பயப்படுவது உங்கள் கராஜைப் பற்றி. பழைய கார் வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் தோற்கின்றன. ஒரு பக்கம் வெட்டியதால், காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. மறு பக்கத்தையும் வெட்டினால் சாட்சியமும் போய்விடும். இன்றே போன் பண்ணி வேலையை நிறுத்துங்கள். வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட விடாதீர்கள். விளிம்பைப் பக்கவாட்டில் படமெடுங்கள்: வெளியே மினுங்கும் தகடு, நடுவில் ஓட்டையை மூடப் பூசிய ஃபில்லர் பசை, உள்ளே பிஸ்கட்டாக உதிரும் பழைய இரும்பு. அந்த ஒரு படம் பத்துப் பக்க வாக்குமூலத்துக்குச் சமம். இந்தக் காருக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது, சில்தான் பாரம் தாங்குகிறது. அதனால் ஓட்டவும் வேண்டாம்.

அடுத்த பொறி, நீங்கள் கேட்கும் தொகை. கார் விலையும் திருத்தச் செலவும் சேர்ந்தால் 14,700. காரையும் வைத்துக்கொண்டு விலையையும் கேட்க முடியாது. நட்டஈடு என்பது நீங்கள் கொடுத்த விலைக்கும் அன்று காரின் உண்மையான மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். திருத்தச் செலவு வேறு கணக்கு. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரான மாடல் என்பதால், சில் உக்கிய ஜி.டி. என்ன விலைக்குப் போகிறது என்று சுலபமாகக் காட்டலாம். என் கணக்கில் வித்தியாசம் 2,500, மிஞ்சினால் 3,000. தொகையை ஊதி 10,000 தாண்டினால் சிறு வழக்குப் பிரிவை விட்டு வெளியே போவீர்கள். அங்கே தோற்றால் அவருடைய சட்டத்தரணி செலவும் உங்கள் தலையில் விழும். மன உளைச்சலைச் சேர்த்து எல்லையைத் தாண்டி, கடைசியில் காரையே விற்றுக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறு வழக்குப் பிரிவில் வென்றாலும், சட்டத்தரணியான எனக்கு நீங்கள் தரும் பீஸ் திரும்பக் கிடைக்காது. நிபுணர் அறிக்கைக்கு நீதிமன்றம் அனுமதித்தாலும் 750 பவுணுக்கு மேல் எதிராளியிடம் வாங்க முடியாது. எப்படியும் 2024 மே முதல் இந்த வகைப் பண வழக்குகளுக்கு ஒரு மணி நேரத் தொலைபேசிச் சமரசம் கட்டாயம். அங்கே போய்ப் பேசப்போவதை இப்போதே பேசுங்கள்.

விளம்பரத்தின் படப்பிரதி, வெட்டிய விளிம்பின் படம், 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். 3,000 கேளுங்கள். 2,000 தருகிறேன் என்றால் வாங்கிவிடுங்கள். 1,500 என்றாலும் கதவைச் சாத்தாமல் என்னிடம் காட்டுங்கள். இணக்கம் எழுத்தில் வந்து, பணம் கணக்கில் விழுந்த பிறகு மறு பக்கத்தை வெட்டச் சொல்லலாம்.