ஒரே குழித் தீவனம், ரெண்டு ரிப்போர்ட்

கேள்வி: எங்களிடம் ஆறு கறவை மாடு. மக்காச்சோளத்தைக் கதிரோடு வெட்டிக் குழியில் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் பசுந்தீவனம்) போட்டேன். ஒரே குழியில் எடுத்ததை இரண்டு லேபுக்குக் கொடுத்ததில் செரிமானம், அதாவது தீவனத்தில் மாட்டுக்குச் செரிக்கும் பங்கு, ஒன்றில் 58 சதவீதம், இன்னொன்றில் 67. எதை நம்புவது? அதோடு, சாணத்தில் முழுச் சோளமாக வருகிறதே ஐயா?
- வாசகர், ஆத்தூர்

பதில்: ரெண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எத்தனை டிகிரியில் காய வைத்தீர்கள், எந்தச் சல்லடையில் அரைத்தீர்கள் என்று இரண்டு லேபிலும் கேளுங்கள். சைலேஜை 60 டிகிரி பக்கம் மெதுவாகக் காய வைப்பதுதான் வழக்கம். அவசரத்துக்கு 105-இல் வைத்தால் அதிலிருக்கும் புளிப்பும் அம்மோனியாவும் ஆவியாகப் போய்விடும், புரதம் சூட்டில் நாரோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் செரிமானக் கணக்கு இறங்காமல் என்ன செய்யும்? அரைப்பது இதற்கு நேர் எதிர். 1 மில்லிமீட்டர் சல்லடையில் மாவாக அரைத்தால் தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிர் ஒட்டிக்கொள்ள இடம் கூடுகிறது, எண் ஏறுகிறது. நைலான் பையில் கட்டி மாட்டின் வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பார்க்கும் முறையிலோ இன்னொரு வேடிக்கை: ரொம்பப் பொடியாக இருந்தால் தூள் பையின் கண் வழியே நழுவிவிடும், அதையும் செரித்ததாக எழுதிவிடுவார்கள். மாதிரி எடுத்த இடமும் பேசும். குழியின் வாயில் காற்று பட்டுச் சூடேறியதை அள்ளிக் கொடுத்தீர்களா, இல்லை புதிதாக வெட்டிய முகப்பில் ஏழெட்டு இடத்தில் எடுத்துக் கலந்து, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஐஸ் வைத்து அனுப்பினீர்களா?

சாணத்துச் சோளத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. உங்கள் மாடு மெல்லாமல் விழுங்கிய மணியை லேப் மில் அரைத்துவிட்டதே! ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும். நம் ஊர்ச் சாதாரணத் தட்டு வெட்டும் மெஷினில் மணியை நசுக்கும் உருளை கிடையாது. அதனால் மணி பால் வற்றி மாவுப் பதத்துக்கு வந்ததும் வெட்டிவிடுங்கள், கல்லாக முற்ற விட்டால் மாடு என்ன செய்யும் பாவம். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் போதும், அதற்கும் பொடியாக வெட்டினால் அசை போடுவதும் எச்சில் ஊறுவதும் குறைந்து வயிறு புளித்துவிடும். 45 நாளில் குழியைத் திறக்கலாம் என்பது சரிதான், ஆனால் மூன்று நான்கு மாதம் மூடி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மணிக்குள் மாவுச்சத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் புரதம் புளிப்பில் மெல்லக் கரைந்து மாவு நன்றாகச் செரிக்கும். நார்ப் பகுதி அப்படி மாறாது, அது வெட்டிய அன்று எப்படியோ ஏறக்குறைய அப்படியேதான்.

என்னைக் கேட்டால் ரிப்போர்ட்டை ஒரே லேபில், ஒரே முறையில், போன குழியோடு இந்தக் குழியை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஒரு கை சாணத்தைச் சல்லடையில் போட்டு அலசிப் பாருங்கள். காசு செலவில்லாத லேப் அது.

கேள்வி: இங்கே மழை விட்டால்தானே புல்லைக் காய வைக்க! கம்பு நேப்பியரை அப்படியே குழியில் போட்டேன். நாற்றம் அடிக்கிறது, மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
- வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, இளம் நேப்பியரில் தண்ணீரே 80 சதவீதத்துக்கு மேல், சர்க்கரையோ குறைவு. புளிக்க வேண்டியது அழுகிவிட்டது. கறுத்துக் கொழகொழத்த பகுதியைக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காமல் கலந்து போடாதீர்கள். அடுத்த முறை புல்லைக் கூரைக்குக் கீழே ஒரு நாள் வாட விடுங்கள். நறுக்கியதைக் கையில் இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை ஈரமானால் போதும். வாடவே வழியில்லை என்றால் உலர்ந்த சோளத்தட்டையோ, கீழே சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான மரவள்ளித் திப்பியைக் காய்ந்ததாக வாங்கியோ ஈரத்துக்குத் தக்கபடி கலந்து, 100 கிலோ புல்லுக்கு 2 கிலோ வெல்லப்பாகு தெளித்து, அடுக்கு அடுக்காக மிதித்து மூடுங்கள். ஏற்காட்டு மழைக்குக் குழியைவிடக் காற்றுப் போகாத பிளாஸ்டிக் டிரம் தோது.