வாசகர் கேள்வி பதில்: புகைக்குழாயில் வடியும் கறுப்பு

கேள்வி: 2022 காஸ் தட்டுப்பாட்டில் வாங்கிய இரும்பு விறகடுப்பைக் கராஜில் வைத்து இப்போதும் சமைக்கிறோம். மோட்டார் சைக்கிளும் அங்கேதான் நிற்கும். குழாய்ப் பொருத்துகளில் கறுப்பாக ஏதோ வடிகிறது, புகையும் உள்ளே திரும்புகிறது. குழாயை மாற்ற வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: குழாய் இருக்கட்டும், முதலில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தரையாகப் படர்ந்து, தள்ளியிருக்கும் தணலிலும் பற்றிக்கொள்ளும். பெற்றோல் கான், தின்னர், காஸ் சிலிண்டர் எதுவுமே அங்கே வேண்டாம்.

வடிவது தார். ஈர விறகின் நீராவியும் எரியாத புகையும் மெல்லிய தகரக் குழாயில் குளிர்ந்து இறங்குகின்றன. அது உள்ளே காய்ந்து படிந்தால் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். லொறியில் வந்திறங்கும் றப்பர் விறகு பல வேளை பச்சையாகவே இருக்கும். 3, 4 அங்குலத் தடிப்பில் பிளந்து, செங்கல்லின் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். ஆறு மாதமாவது காய வேண்டும், கொழும்பு மழைக்கு அதுவும் போதாமல் போகலாம். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்துவிட்டது, 'தொப்' என்றால் இல்லை. பெயின்ற் பூசிய பலகையையும் மருந்தடித்த பலகையையும் எரிக்கவே கூடாது, அந்தப் புகை நஞ்சு.

பொருத்தைப் பாருங்கள். மேல் குழாயின் நுனி கீழ்க் குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் தார் உள்ளாலேயே அடுப்புக்குப் போய் எரியும். புகை கசியுமென்று பயந்து பலர் மறுவளமாகப் பூட்டிவிடுகிறார்கள்.

புகை திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் உயரம்தான். குழாய் கூரைக்கு மேலே 3 அடியாவது நிற்க வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்தும் இருக்க வேண்டும். பக்கத்தில் மாடி வீடு நெருங்கி நிற்கும் வெள்ளவத்தை ஒழுங்கையில் இது நடக்கிற காரியமா? எங்களைக் கேட்டால், வீட்டுக்குப் பின்னாலுள்ள திறந்த முற்றத்துக்கு அடுப்பை மாற்றிவிடுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஓட்டை மட்டும் போடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கூடாது.

கேள்வி: நுவரெலியா வீட்டில் இரவுக் குளிருக்குச் சட்டியில் கரித்தணல் வைக்கலாமா? புகையே வராதே.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கூடவே கூடாது. புகை இல்லாததுதான் ஆபத்து. கரி விடும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. புகைக்கூடு உள்ள அடுப்பென்றாலும் படுக்குமுன் தணல் முழுதாக அணைந்ததா என்று பாருங்கள், ஜன்னலில் ஓர் இடுக்கு விடுங்கள். சாம்பலை மூடியுள்ள தகரவாளியில் வெளியே, சீமெந்துத் தரையில் வையுங்கள். மறுநாளும் உள்ளே தணல் கிடக்கும்.