சர்வீஸ் விட்டு எடுத்ததும் இன்ஜின் நடுங்குது, செக் இன்ஜின் லைட் எரியுது, ஏன்?

சத்துவாச்சாரில ஒரு ஷெட்ல ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் மாத்தி எடுத்தேன், காட்பாடி மேம்பாலம் ஏறும்போதே வண்டி இழுக்கல, ஐடில்ல (நின்ன இடத்துல இன்ஜின் ஓடும்போது) நடுங்குதுன்னு கேட்டிருக்கீங்க. நேத்து வரைக்கும் நல்லா ஓடுன பெட்ரோல் வண்டிதானே, இன்ஜின் போச்சுன்னு பயப்படாதீங்க, முக்காவாசி நேரம் மெக்கானிக் கை வச்ச இடத்துலதான் கோளாறு இருக்கும்.

முதல்ல ஏர் ஃபில்டர் பெட்டிய பாருங்க. அதுலேருந்து இன்ஜினுக்குப் போற ஹோஸ் கழண்டிருந்தா, ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ள போற காத்த அளக்குறது) அளக்காத காத்து உள்ள போயிடும், ஆனா கம்ப்யூட்டர் அளந்த காத்துக்கு மட்டும்தான் பெட்ரோல் விடும், அதனால கலவை லீன் ஆகி (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) ஐடில் ஏறி இறங்கும். என் வண்டில அந்த ஏர் ஃப்ளோ சென்சார் கனெக்டரையே மாட்டாம அனுப்பிட்டாங்க, ராணிப்பேட்டை வரைக்கும் திணறிக்கிட்டே போனேன், கடைசில 'டக்'னு ஒரு அழுத்து, அவ்ளோதான் வேல (கூலி நானே எடுத்துக்கிட்டேன்).

அடுத்து பிளக் மேல இருக்கிற, அதுக்கு கரண்ட் குடுக்குற காயில் கனெக்டர், லாக் விழுந்திருக்கான்னு பாருங்க. லைட் விட்டு விட்டு மின்னுனா மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல, அப்படியே ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர காலி பண்ணிடும், அது பெரிய செலவு.

ஆயில சமதளத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி 10 நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்ல பாருங்க, மேல் கோட்டத் தாண்டியிருந்தா அதிகமானத எடுத்துடணும். த்ராட்டில் பாடிய (இன்ஜினுக்குள்ள போற காத்த கூட்டிக் குறைக்கிறது) கிளீன் பண்ணியிருந்தா, பில்லோட போய் ஸ்கேனர் போட்டு ஐடில் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்கு ஐடில திரும்பக் கத்துக்குடுக்கிறது) பண்ணச் சொல்லுங்க.